பேராசிரியர் பிடித்து வைத்த என் குரல்

ஆரப்பாளையத்தில் லாட்ஜ் நடத்துகிறவன் நான். அறை பெருக்க விளக்குமாற்றோடு நுழைந்த அதே தெருவில் சொந்தக் கட்டடம் எழுப்பியவன். படிப்பு அஞ்சாப்பு. ஆனாலும் எத்தனையோ வெள்ளைக்காரர்களோடு இங்கிலீஷில் சண்டை போட்டு ஜெயித்திருக்கிறேன்.

வெளியூரிலிருந்து பல்கலைக்கழகப் பரீட்சைக்கு வருகிற வாத்தியார்களெல்லாம் எங்கள் லாட்ஜில்தான் தங்குவார்கள். அவர்களைப் பார்க்க ஒரு பேராசிரியர் வருவார். இங்கிலீஷ் பேசும்போது நாக்கு எங்கே போகணும், உதடு எப்படிக் குவியணும் என்று சொல்லிக்கொடுப்பதுதான் அவருக்கு வேலை. அப்படி ஒரு படிப்பு இருப்பதே அவரால்தான் எனக்குத் தெரியும். அவரைக் கண்டால் வக்கீல்கள்கூட வண்டியை நிறுத்திக் கும்பிடுவார்கள்.

ஒருநாள் நான் ஒரு வெள்ளைக்காரனோடு பேசியதை ஓரமாக நின்று கேட்டார். அவன் போனதும், "முதலாளி, ஒருநாள் எங்க டிபார்ட்மெண்டுக்கு வரணும். எம்.ஏ. பிள்ளைங்க முன்னால பேசணும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒருத்தரைக் கூட்டத்துக்கு முன்னால் பேசக் கூப்பிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மேடை, மாலை, பொன்னாடை. நாமும் வெறுங்கையோடு போகக் கூடாது. பேராசிரியருக்குப் போட ரோஜா மாலை கட்டச் சொன்னேன், பொன்னாடை வாங்கினேன். என் மச்சினனையும் சொந்தக்காரர்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். என் அப்பன் கூலிவேலை பார்த்தே செத்தவர். அவர் மகனுக்கு யுனிவர்சிட்டியில் மரியாதை நடப்பதைச் சனம் பார்க்க வேண்டாமா?

அங்கே மேடை இல்லை. ஒரு மேசை, டேப் ரெக்கார்டர், என் வாய்க்கு நேராக ஒரு மைக். பேராசிரியர் படம் படமாகக் காட்டினார்.

"இது என்னன்னு இங்கிலீஷ்ல சொல்லுங்க."

"இஸ்கூல்."

"இது?"

"இஸ்டேசன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் கையை உயர்த்தினார். எனக்காகத்தான் அதட்டுகிறார் என்று நினைத்தேன். "சிரிக்காதீங்க, ரெக்கார்டிங் கெட்டுப் போயிரும்" என்றார்.

பிறகு கரும்பலகையில் ஒரு வாயை வரைந்து, என் நாக்கு எங்கே நிற்கிறது என்று விளக்கினார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து மச்சினன், "மச்சான், மாலைய எப்பப் போடுறது?" என்று கேட்டான். அதுவும் டேப்பில் ஏறிவிட்டது.

முடிந்ததும் டீ கொடுத்து அனுப்பினார்கள். திரும்பும் வழியில் வேன் காளவாசலைத் தாண்டியது. அப்புறம் மச்சினன்தான் ஆரம்பித்தான். "படத்தக் காமிச்சுப் பேரு கேக்குறது ஒண்ணாப்புப் பிள்ளைகளுக்குல்ல மச்சான்?" வேனே சிரித்தது.

அடுத்த தடவை லாட்ஜுக்கு வந்தவரிடம், "சார், அந்த டேப்ப அழிச்சிருங்க" என்றேன்.

"பயப்படாதீங்க. உங்க பேரு எங்கயும் வராது. 'பேசுபவர், ஆண், மதுரை', அம்புட்டுத்தான் எழுதியிருக்கு."

ஆறுதல் சொன்னதாக அவருக்கு நினைப்பு. நானோ இந்த லாட்ஜ் பலகையில் என் பேரை ஆளுயர எழுத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.

"அப்ப என் பேரப் போடுங்க. இல்லாட்டி அழிங்க."

"ரெண்டும் முடியாது முதலாளி. இம்புட்டு நல்ல பதிவு வேற கிடைக்காது." அதற்கப்புறம் இத்தனை வருசத்தில் எத்தனையோ தடவை கேட்டேன். அந்தப் பதிலை அவர் மாற்றவே இல்லை.

போன தை மாதம் அவர் இறந்துபோனார். நினைவுக் கூட்டத்துக்குப் போனேன். யாரையும் கேலியாகப் பார்த்துச் சிரிக்காத மனிதர் என்று ஒவ்வொருத்தராக அழுதார்கள். வாஸ்தவம்தான். என்னைப் பார்த்தும் சிரிக்கவில்லை.

பக்கத்து ஆளிடம் ஃபேனைக் கூட்டி வைக்கச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அவர் டிபார்ட்மெண்டில் பாடம் நடத்துகிறவளாம். கூட்டம் கலைந்ததும் ஓடி வந்தாள்.

"ஐயா, அந்தப் பதிவுல பேசுறது நீங்கதான? வருசா வருசம் உங்க குரல வச்சுத்தான் பாடமே ஆரம்பிப்போம்!"

"அத அழிக்க முடியுமாம்மா?"

"எல்லாப் பிள்ளைங்க போன்லயும் இருக்கேய்யா." அப்புறம் ஆசையாகக் கேட்டாள்: "இன்னொரு தடவ பேசுறீங்களா? வயசானா குரல் எப்படி மாறுதுன்னு பாக்கலாம்."

"இந்தத் தடவ பேரு போடுவீங்களா?"

"சார் வச்ச விதிங்கய்யா அது. நாங்க மீற மாட்டோம்."

"அப்பப் பேச மாட்டேம்மா, வாரேன்" என்று கிளம்பி வந்துவிட்டேன்.