சென்னியப்பன் பிடுங்கிப் பார்த்த கிழங்குகள்

திருச்செங்கோட்டுப் பக்கத்துத் தன் ஊரில் சென்னியப்பன் இருந்த நாட்களைவிட இல்லாத நாட்களே அதிகம். இருபத்தாறு வருஷம் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று போர் போட்டுத் திரிந்தவர். மகள் தனப்பிரியா பிறந்தது, காது குத்தியது, பத்தாவது தேறியது எல்லாம் அவருக்குப் போனில் வந்த செய்திகள்தான். போன வருஷம் முழங்கால் மக்கர் செய்யவே, ஒரு தகரப் பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தார்.

சும்மா உட்காருகிற ஆளா அவர்? புரட்டாசியில் வீட்டுக்குப் பின்னாலிருந்த மூன்று சென்ட்டில் பாத்தி கட்டினார். பனிக்காலத்துக்கு என்ன போடுவது என்பதில் மனைவி கோகிலவாணியோடு அன்றைக்கே சண்டை.

"சக்கரவள்ளி போதுமுங்க. பொங்கலுக்குச் சரியா வந்துரும்."

"ராஜஸ்தான்ல பனியில செவப்புக் கேரட்டு வெளையுது பாரு புள்ள, கை மொத்தத்துக்கு!"

"அங்க குளுருதுங்க. இங்க மார்கழி மத்தியானத்துலயும் ஃபேன் ஓடுது."

கடைசியில் கேரட்டும் முள்ளங்கியும் அவர் இஷ்டத்துக்கு, நீளமாக மண் அணைத்த ஒரு கரை சர்க்கரைவள்ளி அம்மணிக்கு என்று முடிவானது. அன்று சாயங்காலமே பள்ளிபாளையத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் மகளுக்குப் போன் போட்டு, மாட்டுப் பொங்கலுக்குச் சம்பந்தி வீட்டார் வரும்போது கூட்டு முழுக்கத் தன் தோட்டத்துக் கிழங்குதான் என்று அறிவித்துவிட்டார். பெற்ற பெண்ணுக்குத் தன் கையால் எதையும் ஆக்கிக் கொடுத்ததில்லை என்ற குறை அவர் மனசை வெகுநாளாக அரித்துக்கொண்டிருந்தது. அதனால் அந்தக் கூட்டு அவருக்கு அவ்வளவு முக்கியம்.

ஆனால் ரிக்காரர் புத்தி எங்கே போகும்? போர் போடும்போது துளைக்கும் இரும்பு ராடு ஒவ்வொன்றாக இறங்கியதும் மேலே வரும் கல்தூளை அள்ளிப் பார்த்து, கீழே என்ன இருக்கிறதென்று சொல்வது அவர் தொழில். இருபதாம் நாளே ஒரு முள்ளங்கியைப் பிடுங்கினார். பென்சில் தண்டி இருந்தது. திரும்பக் குழியில் வைத்து, மண்ணை அமுக்கி, ஒரு சொம்பு தண்ணீரும் ஊற்றினார். மறுநாள் இன்னொன்று. வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று இரண்டு. கார்த்திகை முடிவதற்குள் முள்ளங்கிப் பாத்தி காலி. மார்கழி பிறந்தபோது பிடுங்கிப் பிடுங்கி நட்ட கேரட்டும் கவட்டை கவட்டையாகப் பிரிந்து, வாடிப் போயிருந்தது.

"அடியில பாறை இருக்குதாட்ட இருக்குது" என்றார் அனுபவஸ்தர்.

"பாறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மேல நீங்க இருக்கறீங்க."

அந்த வாரமே மகள் கூப்பிட்டாள். "ஏனுங்கப்பா, கெழங்கெல்லாம் எப்படி இருக்குதுன்னு எங்க அத்தை கேக்கறாங்க."

"ஜோரா இருக்குது சாமி" என்று சொல்லிப் போனை வைத்தவர் நேராகத் தோட்டத்துக்குப் போனார். மிச்சமிருந்தது மனைவியின் ஒற்றைக் கரை சர்க்கரைவள்ளி மட்டும். வேறு வழியில்லாமல் அவளிடமே சரணடைந்தார்.

"புள்ள, மம்புட்டியையும் கொத்தையும் உள்ள வெச்சுப் பூட்டிரு. நான் கேட்டாலும் சாவியக் குடுக்காத."

மண்வெட்டியையும் களைக்கொத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள் கோகிலவாணி. ஆயிரம் அடி ஆழத்தைப் பார்த்த மனுஷன், முக்கால் அடிக்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரியாமல் இருபத்தெட்டு நாள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. காலையில் எழுந்ததும் கரையோரம் போய் நிற்பார். மண் வெடித்திருக்கும். விரல் துறுதுறுக்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பிவிடுவார். ஒரு நாள்கூடத் தொடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

மாட்டுப் பொங்கல் காலை தனப்பிரியா முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். சம்பந்தி வீட்டார் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். கோகிலவாணி சாவியை எடுத்துக் கொடுத்தாள். சென்னியப்பன் கரையை மெல்லக் கொத்திக் கையை விட்டார். முதலில் வந்தது கட்டைவிரல் தண்டி. அடுத்தது கோணல்மாணல். கரை முழுக்கத் தோண்டியும் ஒரு கூடைதான் தேறியது. கூட்டுக்குப் போதும். பெருமை பேசப் போதாது.

மகள் முன்னால் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "இந்தப் பொடிக் கெழங்குக்கா புள்ள இத்தன நாளு காத்துக் கெடந்தோம்?"

கோகிலவாணி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இருபத்தாறு வருஷம் கழிச்சு நீங்க பொட்டியோட வந்து எறங்குனப்ப நானும் இதையேதானுங்க நெனச்சேன்" என்றாள். "அடுப்புல ஒல கொதிக்குது. மண்ணக் கழுவிக் கொண்டாங்க, வெந்தா இனிக்கும்."