தொட்டி மூடியில் காய்ந்த கருவாடு

1971 ஜூன் 9, புதன்கிழமை, காலை 5.40. ராயபுரம் கடலோரத் தெருவில் பத்துத் தொட்டிகள். திறந்து பார்த்தேன், எட்டில் குப்பையே இல்லை. குப்பை எல்லாம் தொட்டிகளைச் சுற்றித் தரையில் கிடந்தது.

தகர மூடி போட்ட அந்தத் தொட்டிகளை மாநகராட்சிக்காக வடிவமைத்தவன் நான். நாளை மாலைக்குள் ‘பயனுள்ளவை’ என்று நான் எழுதிக் கொடுத்தால் தண்டையார்பேட்டைக்கும் நூறு வரும். இல்லாவிட்டால் என் வரைபடம் பரணுக்குப் போகும். அதனால்தான் குப்பை லாரியிலேயே ஏறிப் போய்ப் பார்ப்பது என்று கிளம்பினேன்.

மூன்றாவது தொட்டியின் மூடிமேல் ஸ்டெல்லா என்ற மீன்காரம்மா நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்தார்.

“இன்னா சார் மொறைக்கிற? தகரம் தோசைக்கல்லு மாரி காயுது. ஒரே நாள்ல கருவாடு ரெடி.”

“அப்போ குப்பை?”

“கீய போட்டுட்டோம். மூடியத் தொறந்தா மீனு கொட்டிப்பூடும்ல?”

“குப்பைத்தொட்டி மேல மீனா? கலீஜ் இல்லையா?”

“உள்ள குப்பையே இல்லியே நைனா, இன்னா கலீஜ்?”

லாரி வந்ததும் ஏறிக்கொண்டேன்.

ஓட்டுநர் காதர் பாய் வடக்கே ஓட்டினார். தண்டையார்பேட்டையில் ஒரு சந்து முனையில் நிறுத்தி, இரண்டு முறை ஹாரன் அடித்தார். மணி ஏழு. சந்திலிருந்து பெண்கள் வாளியும் கூடையுமாக ஓடிவந்து நேரே லாரியில் கொட்டினார்கள். ஒருத்தி கத்தினாள்: “பாய், சீக்கிரம்! வூட்ல பால் பொங்கிகினு கீது!” பத்தே நிமிடம். சந்து சுத்தம். அங்கே ஒரு தொட்டிகூடக் கிடையாது.

“குப்பைக்கு ஹாரன் அடிக்கணும்னு யார் சொன்னது பாய்?”

“குப்பைக்கா? ஐய, டீக்கு சார். ரெண்டு ஸ்ட்ராங்னு கடைக்காரனுக்கு சிக்னல். தெனம் ஏழு மணிக்கு டீ உள்ள போவலன்னா நமக்கு பேஜாரு.”

எரிச்சலாக வந்தது. ஆறு மாதம் நான் சிமெண்டையும் தகரத்தையும் கணக்குப் போட்டேன். லாரி எப்போது வரும் என்பதை யாருக்கும் சொல்ல நினைக்கவில்லை. வரும் நேரம் தெரிந்தால் வீட்டிலேயே குப்பையை வைத்திருக்கிறார்கள். தெரியாதபோதுதான் தெருவில் எறிகிறார்கள்.

எண்ணூர்ப் பள்ளத்தில் லாரி கொட்டி முடிக்க ஒன்பதரை ஆயிற்று. திரும்பிவர பஸ், முப்பது காசு. நீங்களும் போவதானால் பழைய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடாமல் போங்கள், டீ மட்டும் போதும்.

இனி நான் செய்யப்போவது:

1. ராயபுரம் மூடிகளைக் கழற்றி ஸ்டெல்லாவிடமே கொடுப்பது. கருவாடாவது காயட்டும்.
2. நூறு தொட்டி வேண்டாம், லாரிக்கு ஒரு நேரம் வேண்டும் என்று நானே எழுதிக் கொடுப்பது.
3. காதர் பாய் லீவு போட்டால் யார் லாரி ஓட்டுவார், அவர் டீ குடிப்பவரா என்று விசாரிப்பது.