கோட்டைக்குள் அப்பாவின் பெயர்

உள்ளங்கையில் வைத்திருக்க முடியாத அளவுக்குச் சூடாகிவிடும் அந்தப் பழைய போனை, மே மாதத் தாராவியில், தகரக் கூரைக்குக் கீழே, இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு, வியர்வையைப் பாவாடையில் துடைத்தபடி நான் பூதங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பேன். அது அப்பாவின் போன். செம்பூர்ப் பக்கத்து உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில், 'ஜூலா' என்று அவர்கள் சொல்லும் கயிற்றுப் பலகையில் உட்கார்ந்து தொங்கியபடி பெயின்ட் அடிப்பது அவர் வேலை. மேலேயிருந்து கைதவறினால் சுக்குநூறாகிவிடும் என்று அதை வீட்டில் வைத்துவிட்டு, பட்டன் போனை எடுத்துக்கொண்டு போவார்.

எனக்குப் பத்து வயது; பள்ளிக்கூடம் 'சுட்டி', அதாவது கோடை லீவு. அந்த ஆட்டத்தில் மூன்று வீரர்கள் ஒரு கோட்டைக்குள் போகவேண்டும், அவர்களுக்குப் பெயரை நாமே வைக்கலாம். நான் பெரிய அறிவாளி அல்லவா, வில்லுக்காரிக்கு என் பெயரையும், வைத்தியக்காரிக்கு அம்மாவின் பெயரையும், வாளோடு முன்னால் நிற்பவனுக்கு முருகேசன் என்று அப்பாவின் பெயரையும் வைத்தேன். அம்மா அந்தப் பெயரைத் தன் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை, ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னை முன்னால் தள்ளிச் சொல்லச் சொல்வாள். இந்த ஆட்டத்தில் செத்தவன் திரும்ப வரமாட்டான். விழுந்த இடத்தில் ஒரு கல் முளைக்கும், அதில் அவன் பெயர் இருக்கும்.

அந்த வாரம்தான் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் ஜூலாவிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். அம்மாவும் அப்பாவும் அதைத் தணிந்த குரலில் பேசிக்கொண்டது எங்கள் ஒற்றை அறையில் எனக்குக் கேட்காமல் எப்படி இருக்கும்? அன்றிலிருந்து திரையில் வாள்வீரனின் தலைக்கு மேலே தெரியும், அடிபட அடிபடக் குறையும் சிவப்புக் கோடுதான் அப்பாவின் உயிர் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. சோறு இறங்கவில்லை. விளையாடாமல் விட்டுவிடலாமே என்பீர்கள். விட்டுவிட்டால் அவரைக் கோட்டைக்குள் தனியாக விட்டதுபோல் இருந்தது. கடைசியில் எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: அப்பா வீட்டில் இருக்கும்போது மட்டும்தான் சண்டை, அவர் கயிற்றில் இருக்கும் நேரத்தில் போன் அரிசி டிரம்மின் மேல் குப்புறக் கிடக்கவேண்டும். ஐந்து நாள் அப்படி ஓட்டினேன், கொஞ்சம் மூச்சும் விட்டேன்.

ஆறாம் நாள் மத்தியானம், அவர் நன்றாக இருக்கிறாரா என்று பார்க்க மட்டும் திறந்தேன். திறந்ததும் ஒரு பூதம் அடித்தது. சிவப்புக் கோடு நகக்கண் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு அம்மாவின் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஐயோ, அந்தப் பயத்தை இன்றும் சொல்லிமுடியாது! சார்ஜ் இறங்கி அணைந்தால் அவர் கதி என்னாகுமோ என்று, வயர் கழன்றுவிடாமல் பிளக்கைப் பிடித்தபடி சாயங்காலம்வரை சுவரோரமாக நின்றேன்.

ஆறரைக்கு அப்பா வந்ததும் அவர் வயிற்றில் முகத்தைப் புதைத்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஏட்டி, அவுக பேரப் போயி இதுல எழுதி வச்சிருக்கியே, கூறு இருக்கா ஒனக்கு?"

அப்பா போனை வாங்கிப் பார்த்தார். "இது நானா? தொந்தியவே காணும்!" என்றவர், நான் கத்தக் கத்த, வாள்வீரனை நேராகப் பூதத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரே அடி. கல் முளைத்தது, அதில் முருகேசன். "பாத்தியா, செத்தாச்சு. இங்கதான இருக்கேன்? டென்ஷன் எடுக்காதட்டி. ஒங்கம்மாவ ஒரு டீ போடச் சொல்லு."

அம்மா டீ போடவில்லை. உப்பையும் மிளகாயையும் எடுத்து அவரை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள்.

மறுநாள் காலையில் நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் போனார். அன்று பகல் முழுக்க முச்சந்தியில் நின்றேன். அங்கே யாராவது ஓடிவந்தால் எங்கள் வீட்டுக்குத்தான் ஓடிவருகிறார் என்று நடுங்கினேன். ஆறரைக்கு வடாபாவ் பொட்டலத்தோடு அவர் வந்தார், சிரித்துக்கொண்டு. என்னைவிட்டுப் பயம் போனது அந்த நிமிஷத்தில்தான்.

அந்தச் சந்து இன்று இல்லை, இடித்து மேலே மேலே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் அம்பர்நாத் வந்து எட்டு வருஷம் ஆகிறது. முட்டி தேய்ந்து வேலையை விட்டுவிட்ட அப்பாவிடம், போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதையைப் பெருமையாக எடுத்தேன்; மறுநாளே போய்க் கயிற்றில் ஏறினீர்களே, எப்பேர்ப்பட்ட தைரியம் உங்களுக்கு என்றேன்.

"எங்கட்டி ஏறுனேன்?" என்றார். "கயித்தக் கட்டுனேன், கால் ஓடல. அந்தக் கல்லுதான் கண்ணுக்குள்ள நிக்கி. சேட்டுகிட்ட வவுத்துவலின்னு சொல்லிட்டு, சாயங்காலம் வரைக்கும் கீழ கேட்டுக்கு பெயின்ட் அடிச்சிட்டு இருந்தேன்."

"அப்ப அதுக்கு அடுத்த நாளு?"

"அடுத்த நாளும் வவுத்துவலின்னா வேலய விட்டுத் தூக்கிருவாம்லா. ஏறுனேன். உள்ளங்காலு வேர்த்துக் கொட்டுது, மேல போறவரைக்கும் கண்ணத் தொறக்கல."

அந்த அடுத்த நாள் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். பயம் தீர்ந்த பிள்ளை. புது ஆட்டம் தொடங்கியிருப்பேன், வயிறு முட்டச் சாப்பிட்டிருப்பேன், நன்றாகத் தூங்கியிருப்பேன். அந்த நாள் எனக்கு நினைவிலேயே இல்லை.