பருத்திப்பட்டுப் பியானோவும் நான்கு டம்ளர் டீயும்

பழைய பியானோ வாங்க ஆவடிப் பக்கம் போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. சந்தேகத்தை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு போனேன், அதையும் தப்பான ஆளின் தலையில் இறக்கினேன்.

வேப்பேரியில் பதினொரு பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். அதுதான் எனக்குச் சோறு. ஆனால் பியானோ வாடகைக்கு எடுத்தது. அதன் சொந்தக்கார அம்மாள் பெங்களூருக்குக் குடிபோவதால், ஐப்பசி முடிவதற்குள் எடுத்துக்கொண்டுவிடுவதாகச் சொல்லிவிட்டாள். அடுத்த தெருவிலேயே இன்னொரு டீச்சர் இருக்கிறாள். என் வீட்டில் ஒரு வாரம் பியானோ இல்லையென்றால் பதினொன்றும் அங்கே போய்விடும்.

அப்போதுதான் பத்திரிகையில் அந்த விளம்பரம் வந்தது. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் பங்களாவோடு விட்டுப்போன பியானோ, பருத்திப்பட்டு ஏரிக்கரை, விலை இருநூற்றைம்பது ரூபாய். நல்ல பியானோவை எவன் விட்டுவிட்டுப் போவான் என்று முதலில் தோன்றியது. வேறு வழியில்லாததால் போவதென்று முடிவு செய்தேன்.

பியானோவுக்குச் சுருதி கூட்டிப் பழுது பார்க்கும் காதர் பாயைக் கூட்டிக்கொண்டேன். கூலி மூன்று ரூபாய், போக்குவரத்து என் செலவு. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குபவரிடம் கூலி வாங்கிக்கொண்டு விற்பவரிடமும் சத்தமில்லாமல் தரகு வாங்குவார்கள். பாய் அப்படிப்பட்டவரா என்று எனக்குத் தெரியாது. அப்படி இல்லை என்றும் தெரியாதே!

சனிக்கிழமை காலை ஏழு இருபதுக்கு சென்ட்ரலில் ரயில். மூன்றாம் வகுப்பு, தலைக்கு மூன்றரை அணா. வில்லிவாக்கம் தாண்டியதும் தூறல் பிடித்துக்கொண்டது. அம்பத்தூர், திருமுல்லைவாயில் எல்லாம் வயல் நிறையத் தண்ணீர். எட்டு பத்துக்கு ஆவடியில் இறங்கினோம். அங்கிருந்து பங்களா இரண்டு மைல், ஜட்காவுக்கு ஆறணா. எட்டணா கேட்பான், கொடுக்காதீர்கள்.

ஜட்காக்காரன் பாயைப் பார்த்ததும், "இன்னா பாய், தங்கச்சி ஊட்டுக்கா?" என்றான்.

பாயின் தங்கையைப் பூந்தமல்லியில் கட்டிக்கொடுத்திருக்கிறார்களாம். பூந்தமல்லி அங்கிருந்து கூப்பிடு தூரம் இல்லை என்றாலும், இந்தப் பக்கத்தில் இவருக்கு ஆள் பழக்கம் உண்டு என்பது தெரிந்துபோயிற்று. என்னிடம் அதைச் சொல்லவே இல்லையே? எனக்குச் சுருக்கென்றது.

பங்களாவை வாங்கியவர் ஏகாம்பரம் நாயகர். ஏரிக்கரையில் நிலபுலம் உள்ளவர், பியானோவை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதவர். வாசலிலேயே பாயின் தோளில் கை போட்டு, "வா மாமே, மழையில நனைஞ்சுகினே வந்துட்டியே" என்றார். மாமேயாம்! அந்த நிமிஷத்திலேயே இரண்டு பேரும் கூட்டு என்று முடிவு கட்டிவிட்டேன்.

பியானோவைப் பார்த்ததும் ஆசையாகத்தான் இருந்தது. கறுப்பு மரம், பித்தளை மெழுகுவத்தித் தாங்கி, கட்டைகள் பல் தேய்த்தாற்போல வெள்ளை. நான் மூடியைத் திறந்து கரையான் இருக்கிறதா, கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று துருவித் துருவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மரத்தைத் தொட்டால் இளஞ்சூடாக இருந்தது. ஈரம் ஏறாத மரம் என்று சந்தோஷப்பட்டேன். உட்கார்ந்து வாசித்தேன். எண்பத்தைந்து கட்டையும் அழுத்தினால் அழுந்தின, விட்டால் எழுந்தன. முன்பணம் கொடுக்கப் பையில் கை வைத்தேன்.

பாய் பியானோவின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "இன்னா அவசரம் டீச்சரம்மா? நாயகரே, டீ கீதா?" என்றார்.

டீ வந்தது. பாய் ஆற்றி ஆற்றிக் குடித்தார். செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் எத்தனை அடி என்று விசாரித்தார். தங்கை பிள்ளைக்குக் காது குத்தியதைச் சொன்னார். இரண்டாவது டீ. நாயகர் மூன்று தரம், "அம்மா வாசிச்சிப் பாத்துட்டாங்களே, முடிச்சிக்கலாமே" என்றார். பாய் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவது டீ. நாயகரோடு தனியாகப் பேசித் தரகு முடிக்க, நான் எழுந்து போகும் நேரம் பார்க்கிறார் என்று நினைத்து, நாற்காலியை விட்டு அசையவே இல்லை. மணி பதினொன்றரை.

"பாய், டீ குடிக்கவா உங்களுக்கு மூன்று ரூபாய்?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் நான்காவது டம்ளரைக் கீழே வைத்தார். மறுபடியும் பியானோவைத் தொட்டுப் பார்த்தார். "இப்போ வாசிங்க" என்றார்.

வாசித்தேன். நடுவில் ஒரு கட்டை அழுந்தியது, எழவில்லை. அடுத்ததும் அப்படியே. கடைசியில் ஒன்பது கட்டைகள் பள்ளத்தில் விழுந்த மாதிரி கிடந்தன. பாய் கீழ்ப் பலகையைக் கழற்றினார். உள்ளே வட்டமாகப் புகைக்கரி.

"ராப்பூரா உள்ளாற வெளக்கு வெச்சிகினு இருந்திருக்காங்க. சூட்டுல மரம் சுருங்கி நல்லா ஓடும். ஆறிச்சுன்னா ஈரம் இழுத்து, உப்பி, மாட்டிக்கும். ஆறட்டும்னுதான் குந்திகினு இருந்தேன்."

நாயகர் தரையைப் பார்த்தார். "மழைக்கு எல்லாரும் வெக்கிறதுதானே?" என்றார். எல்லோரும் வைப்பதுதான். ஆனால் வாங்க வருகிறவர்கள் வரும்முன் விளக்கை எடுத்து ஒளித்துவைப்பது எல்லோரும் செய்வதா?

பாய் கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் முறுக்காணிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். இரும்புச் சட்டம் உறுதி, ஆணிகள் பிடிப்பாக இருந்தன. கட்டைகளை மட்டும் இழைத்துச் சரிசெய்தால் போதும் என்றார். நூற்றறுபதுக்குப் படிந்தது. வேப்பேரி வரை மாட்டுவண்டிக்கு எட்டு ரூபாய், பாயின் வேலைக்குப் பதினைந்து.

திரும்பும் ரயிலில், "முதலிலேயே என்னிடம் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னா, இத்த வேணாம்னு சொல்றதுக்கு வேற எவன்கிட்ட கமிஷன் வாங்கினேன்னு கேட்டிருப்பீங்க" என்றார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

கேட்டிருப்பேன். வெட்கமாக இருந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மழைக்காலத்தில் போங்கள், வெயில் காலத்தில் எல்லாப் பியானோவும் நல்ல பியானோதான். வாசிப்பதற்கு முன் மரத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மூன்று மணி நேரம் எதையாவது பேசிக்கொண்டு உட்காருங்கள். திரும்புவதற்கு ஒன்று பத்து ரயில் வசதி, அதை விட்டால் சாயங்காலம்தான். சாப்பாடு கையில் கொண்டுபோங்கள்.

பதினொரு பிள்ளைகளும் என்னிடமே இருக்கிறார்கள். பாய் வேலையை முடித்தபோது ஒன்று சொன்னார்: "இன்னொரு தபா வெளக்கு வெக்காதீங்க, சூட்டுல பசை உட்டுடும். ஒரு மாசம் கழிச்சி வந்து பாக்குறேன், மாட்டிச்சுன்னா காசில்லாமப் பண்ணித் தர்றேன்." சரியென்று தலையாட்டினேன்.

கார்த்திகையிலும் மழை விடவில்லை. இரண்டு கட்டைகள் லேசாகத் தயங்கின. மறுநாள் பாடம் இருக்கிறதே என்று ஒரு ராத்திரி விளக்கு வைத்தேன், பிறகு தினமும் வைத்தேன். பாய் வருவதாகச் சொன்ன காலையில் அதை அவசரமாக எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் கதவைத் திறந்தேன்.

பாய் பியானோவின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"டீச்சரம்மா, டீ கீதா?"