வென்யா வீட்டுக் காற்றுத் திருகு

இது சத்தியமான கதை. டிராம் பணிமனைத் தேநீர் அறையில் உட்கார்ந்து பொய் சொன்னால் ரொட்டி தொண்டையில் சிக்கும். சரி, கொஞ்சம் இழுப்பேன். சாண் இருந்தால் முழம் என்பேன். ஆனால் ரிம்மாவின் கோபத்தை மட்டும் இழுக்கவில்லை. அதை இழுக்க நம் அங்கார்ஸ்க் ஊரில் இடம் கிடையாது.

நம் மூன்றாம் எண் டிராம் ஓட்டுகிறாளே, அதே ரிம்மாதான். அக்டோபரில் குளிருக்காக ஊர் முழுக்க வீட்டுக் குழாய்களில் வெந்நீர் விட்டார்கள். அவள் கட்டடத்திலும் எல்லா வீட்டிலும் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் கொதித்தது, அவள் படுக்கையறை வரிசையைத் தவிர. முதல் மாடியில் ரிம்மா வீட்டிலிருந்து ஐந்தாவது மாடி வரை ஒரே குழாய். ஐந்து வீடும் சவக்கிடங்கு. ரிம்மா வீட்டுச் சூப்பில் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது.

புதன்கிழமை மகன் கோஸ்த்யா போன் செய்தான்.

"அம்மா, சனிக்கிழமை பிரசவ ஆஸ்பத்திரியிலேருந்து டிஸ்சார்ஜ். வீடு சூடாயிடுச்சா? இல்லன்னா குழந்தைய நினேல் அத்தை வீட்டுக்கே கூட்டிட்டுப் போறோம்."

நினேல் சம்பந்தியம்மா. பேரனை முதலில் அவள் தாலாட்டுவதா? ரிம்மாவுக்குக் காதில் புகை வந்தது. அந்த வீட்டில் புகைந்தது அது ஒன்றுதான்.

வீட்டுப் பராமரிப்பு அலுவலகத்தில் போய் மேசையைக் குத்தினாள். வியாழக்கிழமை குழாய்க்காரர் வந்தார். குழாயில் காதை வைத்தார், தட்டினார்.

"உள்ள காத்து அடைச்சிருக்கும்மா. காத்து மேலதான் போய் நிக்கும். அஞ்சாவது மாடி ரேடியேட்டர்ல சின்னத் திருகு இருக்கு. அதத் திறந்து ஊதவிட்டா எல்லாருக்கும் சூடு. நேத்தே போனேன், அந்த ஆளு கதவத் திறக்கல."

"யாரு, வென்யாவா?"

"ஆமா. 'முதல் மாடிக்காரி வந்து கேக்கட்டும்'னு உள்ளேருந்தே சொன்னாரு."

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன் வென்யா, கார் நிறுத்த இடம் வேண்டுமென்று ரிம்மா நட்ட லைலாக் பூச்செடியை ரம்பத்தால் வெட்டிவிட்டான். அவள் முற்றத்தில் நின்று அவனை 'ரம்பம்' என்றாள். அன்றிலிருந்து பிள்ளைகள்கூட அவனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அதற்காக ஐந்து நாளாகத் தானும் விறைத்துக்கொண்டு காத்திருக்கிறான்!

ரிம்மா கடைக்குப் போய் அந்தத் திருகைத் திறக்கும் சின்னச் சாவி ஒன்று வாங்கினாள். ஐந்து மாடியையும் ஐந்தே தாவலில் ஏறினாள். கதவைக் குத்திய குத்தில் பக்கத்துத் தெரு நாய்கள் குரைத்தன.

கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. உள்ளே ரோமத் தொப்பி, ரோம பூட்ஸ், நடுவில் நீல மூக்கு.

"வணக்கம், ரிம்மா ஒசிபோவ்னா" என்று தகப்பன் பெயரும் சேர்த்து மரியாதையாகச் சொன்னான் வென்யா, பல் தடதடக்க. "என்ன விஷயமா வந்தீங்க?"

"திறடா!"

"'நீங்க'ன்னு பேசுங்க. 'ரம்பம்'னு சொன்னதுக்கு முதல்ல மன்னிப்பு."

"மன்னிப்பா? செடிய வெட்டினது நீ! நான் ஏன்டா கேக்கணும்? சனிக்கிழமை ஒரு பச்சக்குழந்த வருது. அதுக்கு உன் ரம்பமும் தெரியாது, உன் காரும் தெரியாது!"

"பச்சக்குழந்தையா?" வென்யாவின் தொப்பி லேசாகப் பின்னால் சரிந்தது. "யாரும் சொல்லலையே."

"ரெண்டு பேரும் பேசி மூணு வருஷமாச்சு, எப்படிச் சொல்லுவேன், புறாகிட்டயா?"

சங்கிலி விழுந்தது. ஆனால் அவன் 'மன்னிப்பு' என்று இன்னும் முனகிக்கொண்டேதான் ஒதுங்கினான். ரிம்மா நேராக ரேடியேட்டருக்குப் போய்ச் சாவியைத் திருப்பினாள். பாம்பு சீறுவதுபோல் காற்று வந்தது. வந்தது, வந்தது, கடந்த ஆண்டுக் காற்றெல்லாம் வந்தது. பிறகு துப்பியது.

"கோப்பை! கோப்பை புடிங்க!" என்று வென்யா கத்தினான்.

கோப்பை எங்கே? துருத் தண்ணீர் அவன் சுவரில் மாட்டியிருந்த கம்பளத்து மானின் முகத்தில் அடித்தது. மான் கரடியானது. ரிம்மா நிதானமாகத் திருகை மூடினாள்.

"இதுக்கு வேணும்னா மன்னிச்சுக்கோ" என்றாள்.

மாலைக்குள் ஐந்து மாடியும் கொதித்தது. சனிக்கிழமை பேரன் ரிம்மா வீட்டுக்கே வந்தான். கூடவே வந்த நினேல், "அய்யோ, அனலடிக்குதே, குழந்தை வெந்துடும்" என்று ஜன்னலைத் திறந்தாள். ரிம்மா அதை எப்படி மூடினாள் என்றால்...

"நிறுத்து!" என்றாள் தேநீர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து ஜோயா, ரிம்மா கட்டடத்து மூன்றாவது மாடியில் குடியிருப்பவள். "ரிம்மா வேணும்னே கம்பளத்து மேல தண்ணிய விட்டாங்குறியா? அவ கையில கோப்பை இருந்துச்சு, நான் பின்னாடியே ஏறிப் போய்ப் பார்த்தேன்!"

"நீ என்னத்தப் பார்த்த?" என்று எழுந்தான் வென்யாவோடு மீன் பிடிக்கப் போகும் மெக்கானிக் பெதோத். "அந்தக் கம்பளம் அவன் அம்மாவோடது! நேத்துதான் நான் தேய்ச்சுக் கழுவினேன்!"

"கழுவு! அஞ்சு நாள் என் கால் விறைச்சுதே, அத யாரு தேய்ச்சா?"

"உன் கால எல்லாம் நான் எதுக்குத் தேய்க்கணும்?"

"யோவ், கிளாசக் கீழ வை! வைய்யா கீழ!" என்று நான் பெதோத்தின் கையைப் பிடித்தேன்.