நாகவல்லியின் மங்கு

கன்னத்தில் மங்கு விழுந்தது எப்போது என்று நாகவல்லிக்கே தெரியாது. கள்ளிக்குப்பத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு நடந்து போய், நட்டு போல்ட்டைப் பெட்டியில் அடைத்துவிட்டு, நடந்தே திரும்புகிறவளுக்குக் கண்ணாடி பார்க்க ஏது நேரம்? பொட்டு வைக்க நெற்றி தெரிந்தால் போதும். வருஷக்கணக்காக துபாயில் லாரி ஓட்டும் புருஷன் வேம்புலி, அடுத்த மாதம் ஊரோடு வந்துவிடப் போகிறான் என்று சேதி வந்த அன்றுதான் முழு முகத்தையும் பார்த்தாள். இரண்டு கன்னத்திலும் காப்பிக் கறை மாதிரி திட்டுகள். இதைப் பார்த்து அவனுக்கு மனசு விட்டுப்போகுமோ என்ற பயம் அன்றைக்கே பிடித்துக்கொண்டது.

பக்கத்து வீட்டு வரலட்சுமியிடம் வைத்தியத்துக்கா பஞ்சம்? ஜாதிக்காயைப் பாலில் இழைத்துப் பூசச் சொன்னாள். உருளைக்கிழங்கை அரைத்துத் தடவச் சொன்னாள். எல்லாம் செய்தாயிற்று. திட்டுகள் அசைந்து கொடுக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "வயசும் வெயிலும் சேர்ந்து வர்றதும்மா. பயப்பட ஒண்ணுமில்ல," என்று, ராத்திரியில் பூச ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். "பகல்ல குடை இல்லாம வெளிய போகாதீங்க. திட்டு மறையறதுக்கு மூணு நாலு மாசமாவது ஆகும்."

"அவரு அடுத்த மாசமே வந்துடுவாரும்மா."

"அவசரப்பட்டு எலுமிச்சம்பழம் அது இதுன்னு கண்டதையும் தேய்ச்சா இன்னும் கறுத்துடும்."

களிம்பை வாங்கினாள். ஆனால் குடை? மழையில்லாத நாளில் குடை பிடித்துப் போனால் எஸ்டேட் பெண்கள் சும்மா விடுவார்களா? "துரைசாணி வர்றாங்கடி" என்று ஓட்டியே தீர்த்துவிடுவார்கள்.

அவன் நல்லபடியாகத் திரும்ப வேண்டுமென்று மாங்காட்டு அம்மனுக்கு வாராவாரம் எலுமிச்சம்பழம் கொண்டுபோய் வந்தாள். அர்ச்சனை முடிந்து கையில் திரும்பிய பழம் சாமி படத்தடியில் இருந்தது. டாக்டரம்மா சொன்னதெல்லாம் கடைப் பழத்துக்குப் பொருந்தும், அம்மன் பழம் கெடுதல் செய்யுமா? இரண்டாக நறுக்கிக் கன்னங்களில் தேய்த்து, கழுவினால் பலன் போய்விடுமென்று அப்படியே சித்திரை வெயிலில் வேலைக்கு நடந்தாள். சாயங்காலம் முகம் காந்தியது. மறுநாள் கொப்புளம். அவன் வருவதற்குள் கொப்புளம் ஆறி, பழைய திட்டின் மேல் கரி பூசினாற்போல் நின்றது.

வேம்புலி வந்தான். கொண்டுவந்த டேப் ரெக்கார்டரை எங்கே வைப்பது என்று பார்த்தான். கூரை ஒழுகுகிறதா என்று கேட்டான். மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டான். நாகவல்லி முகத்தை மறைக்காமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அவனாகக் கேட்பான், கேட்பான் என்று பார்த்துவிட்டு, கடைசியில் அவளே கேட்டாள்.

"யோவ், என் மூஞ்சியப் பாத்தியா?"

"உன் மூஞ்சிக்கு இன்னா?" நிமிர்ந்து, நன்றாகவே பார்த்தான். "நான் போசொல்ல எப்பிடி இருந்துச்சோ அப்பிடியேதான் கீது. கொஞ்சம் கொயம்பு ஊத்து."

அவன் போகும்போது அந்தக் கன்னத்தில் ஒரு திட்டும் இல்லை என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அவன் அன்றைக்கும் பார்க்கவில்லை போலிருக்கிறது. இதற்காகவா முகத்தைச் சுட்டுக்கொண்டோம் என்று நினைத்தாள். கோபம்கூட வரவில்லை. எழுந்து குழம்பை ஊற்றினாள்.