கப்பிப் படம்

எங்கள் வீட்டில் எந்த சினிமாவுக்கும் அதன் சொந்தப் பெயர் கிடையாது. எடுத்தவர்கள் ஆசையாக வைத்த பெயர் திரையில் எழுத்தாக வரும், போகும். அதைப் பார்க்க அங்கே ஆள் இருக்காது. டிவி நடு அறையில் இருந்தது. வீட்டு மனிதர்கள் எல்லோரும் முன்னறையில் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு தறி போட்ட பிறகு அந்த அறையில் நடப்பதற்கே ஒருக்களித்துத்தான் போகவேண்டும், டிவி வைக்க இடத்துக்கு எங்கே போவது? அதனால் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு, சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே படம் கேட்பார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டே காஞ்சிபுரத்தில் தங்களை மிஞ்சிய சினிமா ரசிகர்கள் இல்லை என்ற எண்ணத்துக்கு வந்திருந்தார்கள்.

காதில் விழுந்ததுதான் பெயர். ரயில் கூவிக்கொண்டு ஆரம்பித்தால் அது ரயில் படம். ஒரு பெண் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே இருப்பாள், அது வாயாடி படம். கிணற்றுக் கப்பி கிரீச் கிரீச்சென்று சுற்றும் சத்தத்தில் தொடங்குவது கப்பிப் படம். பள்ளிக்கூடத்தில் போய் இந்தப் பெயர்களைச் சொல்லி நான் பட்ட அவமானம் தனிக் கதை.

அம்மா நெய்வாள். பக்கத்தில் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, கோர்வைக்கு உட்காருவாள். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம் என்றால் இரண்டையும் இழைக்கு இழை கோத்து வரவேண்டும். ஒரு ஆளால் ஆகிற வேலையில்லை. ஊடை நூல் சுற்றிய நாடா ஒன்றை அம்மா தள்ள, அத்தை கரை நாடாவைத் தள்ளுவாள். கை அதன்பாட்டுக்குப் போகும், காது நடு அறையில் இருக்கும். செருப்புச் சத்தத்தை வைத்தே வருவது வில்லனா மாமனாரா என்று சொல்லிவிடுவார்கள். முக்கியமான வசனம் வரப்போகிறது என்று எப்படித்தான் தெரியுமோ, சொல்லிவைத்தாற்போல் இருவர் கையும் நிற்கும். வசனம் முடிந்ததும் இழையை நெருக்கும் தறிப் பலகை ஓங்கி அடிக்கும். இன்று பெரிய திரையும் நல்ல நாற்காலியுமாக நானும்தான் படம் பார்க்கிறேன். அவர்கள் கேட்ட அளவுக்கு நான் ஒரு படத்தையும் பார்த்ததில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு சூரத்தில் சரிகைக் கம்பெனியில் வேலை. சூரத் என்றால் எங்களுக்குச் சரிகைப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் காகிதம், அவ்வளவுதான். அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. பாஷை தெரியாத ஊர், தமிழ்ச் சேனல் வராத வீடு என்று மாப்பிள்ளையே போனில் சொன்னாராம். ஆனால் டிவியில் பென்டிரைவ் செருகலாம் என்றும் சொல்லியிருந்தார்.

சித்தப்பாவுக்கு அது போதும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், போனுக்குப் பாட்டு ஏற்றித் தரும் கடையில் அவர் வேலை பார்த்தார். தங்கைக்குத் தன் சீராக ஒரு பென்டிரைவ் தருவதாக அறிவித்தார். "பத்து படம்தான் ஏறும். அதுக்கு மேல ஏறாது. எது எதுன்னு இப்பவே சொல்லிடுங்கோ, அப்புறம் அது இல்ல இது இல்லன்னு என்னைத் திட்டக்கூடாது" என்று நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுத உட்கார்ந்தார்.

அதோடு வீட்டில் நிம்மதி போயிற்று. கல்யாணச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பதைக்கூட அவ்வளவு நேரம் பேசவில்லை. முதல் படம் சாமி படமாகத்தான் இருக்கவேண்டும் என்று அப்பா. மாப்பிள்ளையும் சேர்ந்து பார்க்க வேண்டாமா, ரெண்டு சண்டைப் படமாவது வேண்டும் என்று சித்தப்பா. மாப்பிள்ளை பெயரைச் சொல்லித் தனக்குப் பிடித்த படங்களை எல்லாம் அவர் நைசாக நுழைத்துக்கொண்டிருந்தது எனக்கே புரிந்தது. ரயில் படத்தில் நகைச்சுவை அதிகமா அழுகை அதிகமா என்று அப்பாவும் சித்தப்பாவும் ஒரு மத்தியானம் முழுக்க மல்லுக்கு நின்றார்கள். அத்தை வாயாடி படத்தைக் கேட்டாள். "அவ பேசறதக் கேட்டு எனக்குக் காது வலிக்குது. அத இன்னாத்துக்கு அங்க தூக்கிக்கினு போற?" என்று அம்மா அதை வெட்டிவிட்டாள். அத்தை சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தாள். அவளுக்கு எதற்கும் சிரிப்புத்தான்.

அம்மா கேட்டது ஒரே ஒரு படம். கப்பிப் படம்.

அது வந்தால் வேலைநாள் மத்தியானத்தில்தான் வரும். நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன், கேட்டதில்லை. கதையை அம்மாவும் அத்தையும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். கிணற்றடியில் தண்ணீர் சேந்துகிற ஒரு பெண், எந்நேரமும் பாட்டும் சிரிப்புமாக இருப்பாள். கல்யாணமாகிப் பெரிய வீட்டுக்குப் போவாள். ஒருநாள் மாமியார் கத்துவாள், ஒரு தட்டு விழும், வயலின் அழும். அதன் பிறகு அந்தப் பெண்ணின் குரலே கிடையாது. பிள்ளை மட்டும் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும், பதில் வராது. தட்டு விழும்போதெல்லாம் அம்மா கையை நிறுத்தி, "போயிட்டா" என்பாள். அத்தை மூக்கை உறிஞ்சுவாள். பிறகு நாடா ஓடும்.

"போற எடத்துல செத்துப்போற பொண்ணு படத்த, கல்யாணம் ஆயி போறவளுக்குக் குடுத்தனுப்புவாங்களா அண்ணி? அபசகுனமா இல்ல?" என்று சித்தப்பா கையை விரித்தார்.

"இருந்த வரைக்கும் சிரிச்சா இல்லபா அவ? அந்தச் சிரிப்பு அப்பிடியே இவளோட சிரிப்பு. யாரும் இல்லாத ஊர்ல ஒரு நாளைக்காவது இவ அதக் கேக்கட்டுமே" என்றாள் அம்மா.

நியாயம் சித்தப்பா பக்கம் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். கப்பிப் படம் அடிக்கப்பட்டது. அம்மா மறுநாள் சாப்பாட்டில் அதை மறுபடி எடுத்தாள், அதற்கு அடுத்த சாப்பாட்டிலும் எடுத்தாள். சித்தப்பாவின் தட்டில் அப்பளம் விழுவது நின்றது. அம்மா தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதனால் நானும் அவள் கட்சியில் சேர்ந்து சித்தப்பாவின் சட்டையைப் பிடித்துத் தொங்கினேன். கடைசியில் அவர், "சரி, படத்தக் கொண்டாறேன். எல்லாரும் உக்காந்து கண்ணால பாருங்கோ. அவ சாவறதப் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்கோ" என்று இறங்கி வந்தார்.

பெயர் தெரியாத படத்தைத் தேடுவது லேசா? பழைய படங்கள் சேர்த்து வைத்திருந்த ஒருவரிடம் போய் நின்று, சித்தப்பா வாயாலேயே கிரீச் கிரீச் என்று கப்பி சுற்றிக் காட்டினாராம். கடையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அந்த மனிதர் மட்டும் சிரிக்காமல் உள்ளே போய்ப் படத்தோடு வந்தார்.

அமாவாசையன்று எங்கள் வீட்டில் தறி ஓடாது. சாப்பாடு முடிந்து எல்லோரும் நடு அறையில் டிவி முன்னால் உட்கார்ந்தோம். அத்தை மட்டும் இல்லை. கல்யாணப் பெண்ணுக்கு விருந்து வைக்கிறோம் என்று பக்கத்து ஊர் ஓரிக்கையிலிருந்து மாமா வந்து காலையிலேயே அழைத்துப் போயிருந்தார். "அவ எப்பிடி சாவறான்னு நல்லாப் பாத்து வெச்சிக்கோ, வந்ததும் சொல்லணும்" என்று போகும்போது என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

கப்பி சுற்றியது. அம்மா முகத்தில் ஒரு திகைப்பு. "இன்னாடி இது, கலர் வரல? அந்த ரிமோட்டுல கலர் பட்டன அமுக்கு" என்று என்னை ஏவினாள். சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது கறுப்பு வெள்ளைப் படம். முதல் பாட்டில் அந்தப் பெண் கட்டியிருப்பது கிளிப்பச்சை உடலும் அரக்குக் கரையும் என்று அம்மாவும், இல்லை, மாம்பழ நிறம் என்று அத்தையும் சண்டை போட்டு வாரக்கணக்கில் பேசாமல் இருந்ததுகூட உண்டு. "பாடறவ கொரலு பச்சயாத்தான் இருந்துச்சு" என்று அம்மா முணுமுணுத்தாள். எனக்கு என்னவோ, கொஞ்ச நேரத்தில் அந்தச் சேலை பச்சையாகவே தெரிய ஆரம்பித்தது.

சிரிப்பு வந்தது. அம்மா சொன்னது சரி, கண்ணை மூடிக்கொண்டால் அத்தையேதான். அப்பாகூடத் தலையாட்டினார். பிறகு கல்யாணம், பெரிய வீடு, மாமியார். தட்டு விழப்போகிறது என்று தெரிந்ததும் அம்மா முந்தானையைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டாள்.

தட்டு விழுந்தது. அந்தப் பெண் விழவில்லை. குனிந்து, சிதறிய சோற்றை அள்ளித் தட்டில் போட்டு, எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"சாவலமா! உயிரோடதான் இருக்கா!" என்று நான் எழுந்து குதித்தேன். கைதட்டினேன். "அடப்பாவமே, உயிரோட இருக்கிறவளுக்கு இத்தினி வருஷமாக் கருமாதி பண்ணிக்கினு இருந்தீங்களே!" என்று சித்தப்பா தொடையில் தட்டிக்கொண்டார். அப்பாவுக்கும் சிரிப்பு. அம்மாவும் எங்களோடு சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அதன் பிறகு அவள் எப்போது பேசுவாள் என்று காத்திருந்தோம். எல்லாக் காட்சியிலும் அவள் இருந்தாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், விளக்கேற்றினாள், கதவோரம் நின்றாள். பிள்ளை "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டபோது ஓடிவந்து தலை வாரிவிட்டாள். வாய் மட்டும் திறக்கவில்லை. மகளுக்குக் கல்யாணம் நடந்தது. வந்தவர் ஒருவர் அவளைப் பார்த்து, உங்களுக்குச் சந்தோஷம்தானே என்று கேட்டார். புருஷன் முந்திக்கொண்டு, அவளுக்கென்ன, ரொம்பச் சந்தோஷம் என்றான். மேளம் கொட்டியது, படம் முடிந்தது.

"இன்னா அண்ணி, படம் எப்பிடி?" என்றார் சித்தப்பா.

"அவளுக்குப் புடிக்காமயா? இதுக்குத்தானே ஒத்தக் கால்ல நின்னா. எழுதிக்கோடா" என்றார் அப்பா. "இப்பதான் சாவலயே, அபசகுனமும் இல்ல."

சித்தப்பா பேனாவைத் திறந்துவிட்டார்.

"வேணாம்" என்றாள் அம்மா.

"இன்னாது?"

"அது வேணாம்பா. அந்த எடத்துல வாயாடி படத்தப் போடு."

அப்பா அவளை விநோதமாகப் பார்த்தார். "செத்தான்னு சொன்னப்போ குடுத்தே ஆவணும்னு நின்ன. உயிரோட இருக்கான்னதும் வேணாங்கற. உனக்கு இன்னாதான் வேணும்?" அம்மா, சித்தப்பா எழுதும் வரை அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து காபி போடப் போனாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சட்டையைப் பிடித்துத் தொங்கி வாங்கிக் கொடுத்த வெற்றியை இப்படியா காலடியில் போடுவது? யோசித்து யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தேன். பேச்சே இல்லாத படத்தை வேலை செய்துகொண்டு எப்படிக் கேட்க முடியும்? காதுக்கு ஒன்றுமே கிடைக்காதே, அதனால்தான் வேண்டாம் என்கிறாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அத்தை வந்தாள். தலை கொள்ளாத பூ, கையில் மாமா வீட்டு அதிரசம். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "கப்பிப் படம் பாத்தீங்களா அண்ணி? எப்பிடி செத்தா?" என்றாள்.

அப்பாவும் சித்தப்பாவும் அம்மாவைப் பார்த்தார்கள். நான் சொல்வதற்காக வாயைத் திறந்தேன். அம்மா அத்தையின் கையிலிருந்து ஒரு அதிரசத்தை எடுத்து என் வாயில் திணித்தாள்.

"நாம நெனச்ச மாதிரிதாம்மா" என்றாள். "தட்டு வுழுந்துச்சு பாரு, அப்பவே போயிட்டா."

"பாவம்" என்றாள் அத்தை. பிறகு சித்தப்பாவின் தாளில் பத்தாவது இடத்தில் வாயாடி படம் இருப்பதைப் பார்த்துவிட்டு, வீடே அதிரும்படி சிரித்தாள். அம்மா அந்தச் சிரிப்பு முடிகிற வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பொய் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.